மலைக்கும் ஒரு பெயர்ப்பலகை வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றுப் பாலங்களில் ஆற்றின் பெயரை எழுதிப் பலகை வைக்கிறார்கள். அதே மாதிரி சேலத்தைச் சுற்றியுள்ள மலைகளுக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்று கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். விஷயம் இந்த இரண்டு வரிதான். ஆனால் ஏன் கேட்கிறேன் என்று சொல்லாமல் கேட்டால், வேலையில்லாத ஒரு கிழவனின் ஆசை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

நான் சங்ககிரிக்காரன். 1974-ல், 16 வயதில் லாரியில் கிளீனராக ஏறினேன். 1981-ல் ஸ்டியரிங் பிடித்தேன். சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் தொடங்கியதும் அந்த வருடம்தான். என் முதல் லோடே ஜவ்வரிசி மூட்டைதான், நாக்பூருக்கு. அப்புறம் 35 வருடம் அதே லைன். நாக்பூர், ஜபல்பூர், சாகர், ஜான்சி, குவாலியர். கண் பார்வை மங்கியதால் 2016-ல் வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அந்த ரோட்டைப் பார்க்கவே இல்லை.

என் மாப்பிள்ளைக்கு மூன்று வருடமாகக் குவாலியரில் வேலை. இந்த மார்ச்சில் சேலத்துக்கே மாற்றல் கிடைத்தது. பேத்திக்குப் பரீட்சை முடிந்ததும் காரிலேயே ஊர் வந்து சேர்வது என்று முடிவு செய்தார்கள். "மாமா, நீங்க கூட வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். ரயில் ஏறிக் குவாலியர் போய்ச் சேர்ந்து, அவர்களோடு காரில் திரும்பினேன். ஐந்து பகல், நான்கு இரவு. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். நான் முன் சீட்டில். பின்னால் மகளும் 11 வயதுப் பேத்தியும்.

கிளம்பும்போதே பேத்தியிடம் சொன்னேன்: "கண்ணு, போனை வெச்சுட்டு வெளிய பாரு. மண்ணு மாறும், மரம் மாறும், வீட்டுக் கூரை மாறும். எங்க இருக்கறம்னு அதுவே சொல்லும்." அவள் பாதி நம்பினாள். போனில் இருந்த வரைபடத்தில் ஒரு நீலக்கோடு, சுற்றிலும் சாம்பல் நிறம். குவாலியரிலும் அப்படித்தான் இருந்தது, அனந்தபூரிலும் அப்படித்தான் இருந்தது.

எனக்கு நிலத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் நான் கிளீனராக இருந்த வண்டியின் டிரைவர். மகுடஞ்சாவடிக்காரர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான் படிக்க வரும், இந்தியில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பி "எங்க இருக்கறோம்?" என்று கேட்டால், ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார். மழைக்காலத்தில் நாக்பூர் நடை முடிந்து ஊர் திரும்பினால் குமாரபாளையத்தில் காவிரிக் கரையில் வண்டியைக் கழுவுவோம். மட்கார்டுக்கு உள்ளே சேறு காய்ந்து கல் மாதிரி பிடித்திருக்கும். இரும்புப் பட்டையால் நான் சுரண்டுவேன். ஒரு தடவை பெரிய பாளமாக ஒன்று பெயர்ந்து விழுந்தது. மாமா அதைக் கையில் எடுத்து, உடைந்த பக்கத்தை என்னிடம் காட்டினார். வெளிப்பக்கம் ஒரு விரல்கடை செம்மண். அதற்கு உள்ளே கறுப்பு. அதற்கும் உள்ளே மறுபடியும் செம்மண். "மேல இருக்கற சிவப்பு நேத்து அனந்தபூர்ல ஒட்டுனது. கறுப்பு அடிலாபாத்து. அடியில இருக்கறது போறப்ப ஒட்டுன சிவப்பு. பார்த்துக்கோ, நாம போய்ட்டு வந்த கணக்கு இதுலயே இருக்குது" என்றார். அவர் இறந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பாளம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, இந்தப் பயணத்துக்கு வருகிறேன்.

குவாலியரை விட்டுக் கிளம்பினால் ஜான்சி வரைக்கும் அறுப்புக்கு நிற்கிற கோதுமைதான். கடுகை அறுத்து முடித்துவிட்டிருந்தார்கள், தாளை மட்டும் களத்தில் குவித்திருந்தார்கள். ஜான்சி தாண்டி, பபீனா, தால்பேஹட் பக்கம் வந்ததும் பேத்தி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்றன்மேல் ஒன்று தூக்கி வைத்த மாதிரி உருண்டைப் பாறைகள், நடுநடுவே முள் மரம், ஏரி, ஏரிக்கரையில் கோட்டை. "அப்புச்சி, இது சங்ககிரி மாதிரியே இருக்குது!" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். புந்தேல்கண்டின் கருங்கல்லும் தெலங்கானாவிலிருந்து அனந்தபூர் வரை நிற்கிற கருங்கல்லும் ஏறக்குறைய ஒரே வயது, சுமார் 250 கோடி ஆண்டு என்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் அன்று தெரியாது. ஆனால் முதல் தடவை அந்த ரோட்டில் போனபோது, ஊரை விட்டு இத்தனை தூரம் வந்தும் ஊர்ப் பாறை மாதிரியே இருக்கிறதே என்று மனசுக்குள் ஒரு தெம்பு வந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

லலித்பூருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எதிரில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டி ஒன்று நின்றது. நம்பர் பிளேட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, கதவில் முருகன் படம், கீழே தமிழ் எழுத்து. திருச்செங்கோட்டு வண்டி. வேலை செய்கிற பையன்கள் மூன்று பேர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "எந்த ஊருங்க தம்பி?" என்றேன். எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவன் மல்லசமுத்திரத்துப் பையன். எட்டு மாதமாக ஊருக்குப் போகவில்லையாம். "இங்க பாறை நம்மூருப் பாறை மாதிரி தானுங்க, கெட்டி" என்றான். அவனுக்கு அந்த நிலம் மேலே தெரிகிற அளவு அல்ல, கீழே பல நூறு அடிக்குத் தெரியும். நான் குடித்த டீக்குக் காசு கொடுக்க அவர்கள் விடவில்லை.

லலித்பூருக்குத் தெற்கே போகப் போகப் பாறை மறைகிறது. சாகர் வரும்போது மண் கறுப்பாகிவிடும். இந்தக் கரிசல், எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகி, கல் மக்கி மண்ணானது. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய குழம்பு என்று பேத்தியின் பாடப் புத்தகத்தில் இருக்கிறதாம், அவள்தான் சொன்னாள். புத்தகத்தில் படித்தது இதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி ஒரு கட்டியை எடுத்துக் கையில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். மார்ச் வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது நிலம். ஒரு கட்டியைப் பாலிதீன் பையில் போட்டு வைத்துக்கொண்டாள். மகள் திட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நர்மதையை பர்மான் அருகில் தாண்டினோம். அந்த வெயிலிலும் தண்ணீர் பச்சையும் நீலமுமாகப் போகிறது. கரேலிப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற புகை. நம் ஊர் ஆலை மாதிரியே கொப்பரை, அதே வாசனை. லக்னாதோன் தாண்டினால் மலைக்காடு தொடங்கும். இந்தப் பயணத்தில் நான் ரொம்ப ஆசையாகக் காத்திருந்த இடம் அதுதான். தேக்குக் காடு மொத்தமும் இலை உதிர்த்துச் சாம்பல் நிறமாக நிற்கும்போது, நடுவில் புரசு மரம் மட்டும் ஒரு இலைகூட இல்லாமல் ஆரஞ்சு நிறத்தில் பூத்து நிற்கும். நம் சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம்தான். சிவனி வரைக்கும் நெருப்புப் பற்றின மாதிரி இருந்தது. காலை ஆறு மணிக்கு ரோட்டோரத்து மஹுவா மரங்களுக்கு அடியில் பெண்களும் குழந்தைகளும் கூடை வைத்துக்கொண்டு பூப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நம் இலுப்பைக்கு நெருங்கின உறவு அது. வெள்ளைப் பூ, சதைப்பற்றாக, முத்து மாதிரி இருக்கும். ஒரு அம்மா பேத்தி கையில் நாலு பூ கொடுத்தார். தின்று பார்த்தாள், தித்திப்பு.

சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவில் பெஞ்ச் புலிகள் காப்பகம். என் காலத்தில் இரண்டு வழிச் சாலை. ராத்திரியில் மான் குறுக்கே பாயும். ஒரு புள்ளிமான் என் வண்டியிலேயே அடிபட்டது, 1993-ல். அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் சாப்பிடவில்லை. இப்போது அந்த இடத்தில் சாலையையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் விலங்குகள் கீழே போக 9 வழிகள், அதில் பெரியது 750 மீட்டர் நீளம். புலியே அதற்குக் கீழே நடந்து போவதைக் கேமராவில் பதிவு செய்திருக்கிறார்கள். சத்தமும் வெளிச்சமும் காட்டுக்குள் போகாமல் இருக்கச் சில இடங்களில் இரு பக்கமும் உயரமான தடுப்பு வைத்திருக்கிறார்கள். அதனால் காடு தெரியவில்லை என்று பேத்திக்கு வருத்தம். எனக்கு வருத்தம் இல்லை. மாப்பிள்ளையிடம் அந்த 1993 கதையைச் சொன்னேன். அவர் வேகத்தைக் குறைத்தார்.

நாக்பூரில் தங்கினோம். காலையில் ஒரு கடையில் பேத்திக்குச் சாபுதானா கிச்சடி வாங்கிக் கொடுத்தேன். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியில் செய்கிற ஜவ்வரிசியை ஊறவைத்து, வேர்க்கடலைப் பொடியும் உருளைக்கிழங்கும் போட்டுத் தாளித்தது. விரத நாளில் அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இதுதான். "இது ஆத்தூர்க் குச்சிக்கிழங்கு கண்ணு. நம்ம ஊர்ல விளைஞ்சு, அப்புச்சி மாதிரி டிரைவருங்க கொண்டாந்து இறக்குனது" என்றேன். கடைக்காரரிடம் அரைகுறை இந்தியில் சேலம் என்று சொன்னேன். "சேலம்!" என்று அவர் மூட்டையைத் தூக்கி வந்து காட்டினார். மூட்டை மேல் சேலம் என்று அச்சடித்திருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை.

ஹிங்கன்காட் பருத்திப் பூமி. மார்ச்சில் பருத்திச் செடியின் காய்ந்த மார் மட்டும்தான் நிற்கும். பைங்கங்கையைத் தாண்டினால் தெலங்கானா. அடிலாபாத்திலிருந்து நிர்மல் இறங்குகிற மலைப்பாதை அந்தக் காலத்தில் எங்களுக்குப் பெரிய பயம். இப்போது நான்கு வழி, பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறோம். சோன் அருகே கோதாவரி. கோதாவரியைத் தாண்டியதும் கரிசல் மெல்லக் கழன்று செம்மண் தலைகாட்டும். ஆர்மூர் வந்ததும் மறுபடியும் பாறைகள். ஒரு குன்று முழுக்க யாரோ கொட்டிக் குவித்த மாதிரி கருங்கல் உருண்டைகள். ரோட்டோரக் களத்தில் மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். கார் கண்ணாடியைத் திறந்ததும் ஈரோட்டு வாசனை. பேத்தி பையிலிருந்து அந்தக் கறுப்புக் கட்டியை எடுத்து, சிவப்பு மண் ஒரு கட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

ஹைதராபாத்தை வெளிவட்டச் சாலையில் சுற்றிக் கடந்துவிட்டோம். பீச்சுபல்லியில் கிருஷ்ணா, கர்நூலில் துங்கபத்ரா. துங்கபத்ராவில் மணலும் பாறையும்தான், நடுவில் நூல் மாதிரித் தண்ணீர். குத்தி கோட்டையைப் பேத்தி தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பாமிடியில் பென்னா ஆற்றுப் பாலம். பலகையில் பெயர் இருந்தது. அவளிடம் சொன்னேன்: "இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோ. நாளைக்குக் காவேரிப்பட்டணத்துல ஒரு ஆறு தாண்டுவோம், அதுவும் பெண்ணை. ரெண்டுக்கும் பொறந்த வீடு ஒண்ணு." பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து ஒன்று வடக்கே ஆந்திராவுக்குப் போகிறது, மற்றொன்று தெற்கே நம்மிடம் தென்பெண்ணையாக வருகிறது. மறுநாள் சிக்கபள்ளாப்பூர் தாண்டும்போது அந்த மலையைக் காட்டினேன். காவேரிப்பட்டணம் பாலத்தில் பலகையைப் பார்த்ததும் அவளே கத்தினாள், "அப்புச்சி, தென்பெண்ணை!" என்று. பலகையில் பெயர் இருந்ததால்தானே அந்தக் கத்தல்.

பெங்களூரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, கடக்க நாலு மணி நேரம் ஆனது. அதற்கப்புறம்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

கிருஷ்ணகிரிக்கு வடக்கே ரோட்டுக்கு மேற்கில் ஒரு கரடு (சிறு குன்று) இருந்தது. எருமை படுத்திருக்கிற மாதிரி, கொம்பும் முதுகும்கூடத் தெரியும். மகுடஞ்சாவடி மாமா அதை எருமைக்கரடு என்பார். அது தெரிந்தால் அடுப்பை அணைத்துவிடு, இனி வீட்டுச் சாப்பாடுதான் என்று கிளீனரிடம் சொல்வார். 35 வருடம் நானும் அதைப் பார்த்துத்தான் ஊர் வந்துவிட்டது என்று மூச்சு விட்டிருக்கிறேன். அதைப் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று ஐந்து நாளாக மனசில் வைத்திருந்தேன். அந்த இடம் வந்ததும் தேடினேன். எருமையின் தலை இல்லை. முதுகில் பாதிதான் மிச்சம். அதுவும் கேக் வெட்டின மாதிரி படிப்படியாக அறுத்து, வெள்ளையாக நிற்கிறது. ரோட்டோரத்துப் பெட்டிக்கடையில் நிறுத்தி, "தம்பி, அந்தக் கரட்டுக்குப் பேர் என்ன?" என்று கேட்டேன். உண்மையான பெயர் ஒன்று இருந்திருக்கும், அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். 20 வயதுப் பையன். ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அதுங்களா? அது குவாரிங்க."

அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவனுக்கு விவரம் தெரிந்ததிலிருந்து அது குவாரிதான். அந்த மலைக்கு ஒரு பெயர் இருந்தது என்று அவனுக்குச் சொல்ல யாரும் இல்லை, எழுதி வைத்த பலகையும் இல்லை. பெயர் தெரியாத ஒன்றை வெட்டினால் யார் கேட்பார்கள்? கார் கிளம்பின பிறகும் ரொம்ப நேரம் நான் பேசவில்லை.

தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் வந்தது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், எத்தனை உயிர் போன இடம். "எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்லயே இறங்கு" என்பது மாமாவின் பாடம். மாப்பிள்ளைக்கும் அதையேதான் சொன்னேன். இறக்கம் முடிந்து கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் எழுந்து நின்றது, சேர்வராயன் மலை. சாயங்கால வெயில், மேலே நீலமாகவும் அடிவாரத்தில் பழுப்பாகவும் இருந்தது. நடுவில் ஒரு மேகம் படுத்திருந்தது.

பேத்தி கேட்டாள்: "அப்புச்சி, இது என்ன மலை?"

மூன்று வருடம் வெளியூரில் இருந்த குழந்தை. அவளுக்கு ஏற்காடு தெரியும், படகு விட்ட ஏரி தெரியும். ஆனால் ஏற்காடு இந்த மலைக்கு மேல்தான் இருக்கிறது என்று தெரியாது. அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் தொப்பூரிலிருந்து சேலம் வரைக்கும் நான் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். டோல்கேட்டுக்குப் பலகை, ஓட்டலுக்குப் பலகை, வேகத்துக்குப் பலகை, கல்லூரிக்குப் பலகை. 5,300 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிற, உச்சிக் குகையில் சேர்வராயனும் காவேரி அம்மனும் குடியிருக்கிற, மே மாதம் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரத்து மலைக் கிராமமெல்லாம் கூடுகிற அந்த மலைக்கு ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. கருப்பூர்ப் பக்கம் வந்தால் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்து மண் மேடுகள் சுண்ணாம்பு கொட்டின மாதிரி தெரிகின்றன. உலைக்குள் வைக்கிற செங்கல்லுக்கு அந்தக் கல்தான் மூலப்பொருள், இந்தியாவிலேயே பெயர் பெற்ற இடம். அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. நகரமலை, ஜருகுமலை, வலது பக்கம் இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலை, கடைசியில் தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட எங்கள் சங்ககிரி மலை. எல்லாம் ஊமையாக நிற்கின்றன. வண்டிகள் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகின்றன.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நான் கிளீனராக இருந்தபோது ஓமலூரிலிருந்து தொப்பூர் வரைக்கும் இரண்டு பக்கமும் புளியமரம். அடிமரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து, நடுவில் நம்பர் எழுதியிருப்பார்கள். வருடா வருடம் காய் ஏலம் விடுவதற்காக அந்த நம்பர். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த வெள்ளைப் பட்டைகள் வரிசையாக எழுந்து வரும், வளைவு எங்கே என்று அதுவே காட்டும். மார்ச், ஏப்ரலில் மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்துக்கொண்டிருப்பார்கள். டயர் பஞ்சரானால் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. ஒரு மரத்துக்கு 118 என்று நம்பர். நான் வழக்கமாக வண்டி நிறுத்தித் தூங்குகிற மரம், அதனால் நம்பர் மறக்கவில்லை. சாலையை நான்கு வழியாக்கியபோது அத்தனையும் போயின. அகலமான சாலை வேண்டும்தான், அதனால் எத்தனையோ டிரைவர்கள் உயிரோடு வீடு வந்து சேர்கிறார்கள், நானே சாட்சி. ஆனால் வெட்டின இடத்துக்கு ஈடாக வந்தது நடுவில் அரளிச் செடி. பூ அழகாக இருக்கிறது, எதிர் வண்டி வெளிச்சத்தை மறைக்கிறது, சரி. நிழல் தராது. நெடுஞ்சாலைகளில் மரம் வளர்க்க என்றே மத்திய அரசு 2015-ல் ஒரு கொள்கை அறிவித்தது. சேலம் மாவட்டத்தில் சர்வீஸ் ரோட்டை ஒட்டியாவது புளி, வேம்பு, புங்கன் வைத்தால் 20 வருடத்தில் நிழல் கிடைக்கும். வைக்கிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமென்றால் சாலையோர ஊர்களில் எங்களைப் போன்ற ஓய்ந்த டிரைவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

பலகை விஷயத்துக்கே திரும்புகிறேன். செலவு பெரிதாக ஆகாது. ஆனால் எங்கே வைப்பது என்பதை ஓட்டுகிறவன் கண்ணிலிருந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். மலைக்கு நேராக வைத்தால் பிரயோஜனம் இல்லை. மலை முழுசாகத் தெரிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஓட்டுகிறவருக்கு இடது பக்கம் வைக்க வேண்டும். சேர்வராயனுக்கு வடக்கிலிருந்து வருகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கம் முடிந்து, சாலை நேரான பிறகு ஒன்று. இறக்கத்திலேயே வைக்க வேண்டாம், அங்கே டிரைவர் பலகை படிக்கக் கூடாது. தெற்கிலிருந்து வருகிறவர்களுக்குச் சேலம் ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் ஒன்று. கஞ்சமலைக்குக் கோவை ரோட்டில் சீரகாபாடிக்குப் பக்கத்தில். சங்ககிரி மலைக்கு இரண்டு பக்கமும். தமிழ் எழுத்து மேலே, பெரிதாக. பெயர், உயரம், ஒரே ஒரு வரி விவரம். அதற்கு மேல் எழுதினால் ஓடுகிற வண்டியில் படிக்க முடியாது.

பெயர் எழுதும்போது தயவுசெய்து அலுவலகத்தில் இருக்கிற வரைபடத்தை மட்டும் பார்த்து எழுத வேண்டாம். அடிவாரத்து ஊர்களில் பெரியவர்களைக் கேளுங்கள். சிறிய கரடுகளுக்கும் பெயர் இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர்களுக்குத் தெரியும், கோயில் பூசாரிக்குத் தெரியும். நான் என் பங்குக்குத் தொப்பூரிலிருந்து சங்ககிரி வரைக்கும் உள்ளவற்றைக் கேட்டு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். பஸ்ஸில் போய், இறங்கி, டீக்கடையில் விசாரிக்கிறேன். பேத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வருகிறாள், எழுத்து வேலை அவளுடையது. இதுவரைக்கும் 14 பெயர் சேர்ந்திருக்கிறது. மூன்றுக்கு ஊர்க்காரர்களே இரண்டு விதமாகப் பெயர் சொல்கிறார்கள், அதையும் அப்படியே இரண்டாகவே எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் கருப்பூர்ப் பக்கம் போகிறோம். பொறுப்பில் இருப்பவர்கள் கேட்டால் நோட்டை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்கள் யாருக்காவது அந்த எருமை மாதிரியான கரட்டின் உண்மையான பெயர் தெரிந்தால், இந்தப் பகுதிக்கே ஒரு வரி எழுதுங்கள். பாதி மலையாவது மிச்சம் இருக்கும்போதே எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லாரி டிரைவர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.